ஒரே உண்டியலா, ஆளுக்கோர் உண்டியலா?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அன்றிலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்புகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "இ.எஸ்.ஐ. எதுக்குப்பா, மாசாமாசம் சம்பளத்துல பிடிப்பாங்க, போனா மாத்திரை இருக்காது. நம்ம தொழில் சங்கம் மூலமா எல்லாருக்கும் குரூப் இன்சூரன்ஸ் போட்டுடலாம். பெரிய ஆஸ்பத்திரியிலயே பார்த்துக்கலாம்." இதைச் சொல்பவர்கள் சிறு முதலாளிகளும் மேஸ்திரிகளும். கேட்பவர்கள் நம் சேரித் தெருக்காரர்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நம் தோழர்களிலேயே சிலர், "அதுவும் நல்லதுதானே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று நம்மிடம் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

முதலில் நோயிலிருந்து தொடங்குவோம். காப்பீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

தோல் ஷாப்பில் பச்சைத்தோலை உப்பு உதறி ஊறப்போடுவது, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுவது, சதை வழிப்பது, குரோம் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுவது, கழிவுத் தொட்டியின் சேற்றை அள்ளுவது ஆகிய ஈர வேலைகளில் நிற்பவர்கள் யார் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள். அண்மைக்காலமாக அவர்களுக்குப் பக்கத்தில் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மெருகு ஏற்றும் பிரிவிலும் ஆபீசிலும் வேறு முகங்கள். ஈர வேலை செய்கிறவருக்கு என்ன நோய் வருகிறது? விரலிடுக்கில் வெடிப்பு, கை முழுக்க நமைச்சல், தோல் தடித்துக் கறுப்பது, மூக்கில் புண், விடிகாலை இருமல், மூச்சு வாங்கல், இடுப்பு வலி. இதில் எதற்கு ஆஸ்பத்திரியில் படுக்கை போடுவார்கள்? பத்து வருடம் நமைச்சலோடு வேலை பார்த்தவர் ஒரு நாள்கூட உள்நோயாளியாக இருந்திருக்க மாட்டார். ஆனால் மாதத்துக்கு நாலு நாள், ஐந்து நாள் வேலைக்குப் போகாமல் இருந்திருப்பார். களிம்புக்கும் ஊசிக்கும் கையிலிருந்து செலவழித்திருப்பார். கடைசியில், "கை சரியில்ல, நீ இனிமே வராதே" என்று மேஸ்திரி சொல்லியிருப்பார்.

குழுக் காப்பீடு என்று விற்கப்படுகிற பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தருபவை. அரசின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அடிப்படையில் அப்படித்தான். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகம் என்று வரும்போது அந்த அட்டை உயிரைக் காப்பாற்றுகிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கிய நாளிலிருந்து நம் தெருக்களில் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த அட்டை அது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விரலிடுக்கு வெடிப்புக்கு அந்த அட்டையை நீட்ட முடியாது. வேலைக்குப் போகாத நாலு நாள் கூலியை அது தராது.

அந்தக் கூலியைத் தருகிற ஒரே ஏற்பாடு இ.எஸ்.ஐ. தொழிலாளர் அரசு காப்பீடு என்று விரித்துச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு அது ஓர் ஆஸ்பத்திரியின் பெயராகத்தான் தெரியும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் அதற்குள் வருவார். 2019 ஜூலை முதல் தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி கட்டுவது மூன்றே கால் ரூபாய். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் 90 ரூபாய், முதலாளி பங்கு 390 ரூபாய். இதற்குக் கிடைப்பது என்ன? குடும்பத்துக்கும் சேர்த்து வெளிநோயாளி சிகிச்சை முதல் அறுவை சிகிச்சை வரை. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். அதே 12,000 ரூபாய்க்காரருக்கு நாளைக்குச் சுமார் 280 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டு வேலையும் போதுமான சந்தா நாட்களும் இருந்தால், 80 சதவீதக் கூலி இரண்டாண்டு வரை நீளும். பிரசவத்துக்கு 26 வாரம். வேலையில் அடிபட்டால் கூலியில் 90 சதவீதம். அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை, முதல் நாளிலிருந்தே உண்டு. இறந்துபோனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் உதவித்தொகை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதில் குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் வரும் நோய்கள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வேலையால் வந்த நோய் என்று மருத்துவக் குழு ஏற்றுக்கொண்டால், அது வேலையில் அடிபட்டதற்குச் சமம். குரோம் டிரம்மைத் திறக்கிறவருக்காகவே எழுதிவைத்தது போன்ற வரி இது. இத்தனை வருடத்தில் நம் பகுதித் தோழர்கள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டதை நாம் அதிகம் கண்டதில்லை. இதில் நம் சங்கங்களின் பிழையும் இருக்கிறது.

சரி, தொழில் சங்கம் மூலம் குழுக் காப்பீடு என்றால் என்ன? தனி ஆளாகப் பாலிசி எடுத்தால் பிரீமியம் அதிகம், இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நூறு பேர் சேர்ந்து ஒரே பாலிசியாக எடுத்தால் மலிவு, நிபந்தனையும் தளரும். இதற்குச் சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. காப்பீடு எடுப்பதற்காகவே ஒரு குழுவை உண்டாக்கக் கூடாது, வேறு ஒரு பொது நோக்கத்துக்காகச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், குழுவை நடத்துகிறவருக்கும் உறுப்பினர்களுக்கும் தெளிவான உறவு இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2005-இலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. முதலாளி தன் தொழிலாளிக்கு எடுக்கலாம், சங்கம் தன் உறுப்பினருக்கு எடுக்கலாம். நல்ல விதிதான். ஆனால் பாலிசியின் ஆயுள் ஒரு வருடம். அடுத்த வருடம் பிரீமியம் எவ்வளவு என்பதை, இந்த வருடம் அந்தக் குழு எவ்வளவு நோய்ப்பட்டது என்பதை வைத்துத்தான் கம்பெனி முடிவு செய்யும்.

இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். தோல் ஷாப் ஈர வேலைக்காரர்களை மட்டும் ஒரு குழுவாக வைத்தால் அது நோயாளிகளின் குழு. முதல் வருடம் மலிவாகக் கிடைத்த பாலிசி மூன்றாம் வருடம் கட்டுப்படியாகாது. அப்போது சங்கம் என்ன செய்யும்? வயதானவர்களை விடும், தொகையைக் குறைக்கும், அல்லது பாலிசியையே புதுப்பிக்காது. கேட்க முடியாது. அது உரிமை அல்ல, ஏற்பாடு. மேஸ்திரி மாறினால் குழுவும் மாறும்.

இ.எஸ்.ஐ.யில் அப்படி இல்லை. சந்தா நோயைப் பார்த்து வாங்கப்படுவதில்லை, சம்பளத்தைப் பார்த்து வாங்கப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி கேட்டில் நிற்கும் காவலரும், திருப்பூரில் பனியன் தைக்கிறவரும், ராணிப்பேட்டையில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவரும் ஒரே உண்டியலில் போடுகிறார்கள். அதிகம் நோய்ப்படுகிறவர் அதிகம் எடுத்துக்கொள்கிறார். இதுதான் கூட்டு. தொழிலுக்குத் தொழில் தனி உண்டியல் என்றால், நாற்றமும் நோயும் உள்ள தொழிலின் உண்டியல் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். தொழில்கள் எப்படிப் பிரிந்தன என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒரே உண்டியலின் வரலாற்றில் நம் பெயர்களும் இருக்கின்றன. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர்களுக்கு உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கப் பேராசிரியர் பி.பி. அடார்கர் நியமிக்கப்பட்டதும் (1943), அவர் அறிக்கை தந்ததும் (1944) அந்தக் காலத்தில்தான். அந்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளர் துறை அமைச்சர் பாபு ஜெகஜீவன் ராம். தாழ்த்தப்பட்டோர் இருவர் அடுத்தடுத்து அந்தத் துறையில் இருந்தபோது உருவான சட்டம் இது. அவர்களை இடஒதுக்கீட்டோடும் அரசியலமைப்போடும் மட்டும் சேர்த்து நினைவுகூர்கிறோம். இ.எஸ்.ஐ. அட்டையைப் பார்க்கும்போது நமக்கு அவர்கள் நினைவு வருவதில்லை.

அந்த உண்டியலை உடைக்க முயற்சி நடந்தது. 2015 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், இ.எஸ்.ஐ. அல்லது காப்பீட்டு ஆணையம் அங்கீகரித்த தனியார் மருத்துவக் காப்பீடு இரண்டில் ஒன்றைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கலாம் என்று வழிசெய்யப் போவதாக அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். கேட்பதற்கு இது சுதந்திரம். நடக்கப்போவது என்ன? இளவயதினரும் நோயில்லாதவரும் மலிவான தனியார் பாலிசிக்குப் போவார்கள், நோயாளிகள் மட்டும் இ.எஸ்.ஐ.யில் மிஞ்சுவார்கள், அது தானாகவே மூழ்கும். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அது சட்டமாகவில்லை. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தத் தேர்வு இடம்பெறவில்லை. இப்போது நம் தோல் ஷாப் வாசலில் கேட்கும் "குரூப் இன்சூரன்ஸ் போட்டுக்கலாம்" என்பது அதே யோசனை, மேஸ்திரி வாயில்.

இது நம் ஊர்ச் சண்டை மட்டுமல்ல என்பதற்காக ஒரு செய்தி. அமெரிக்காவிலும் சிறு நிறுவனங்கள் தொழில் சங்கங்கள் வழியாக மலிவான குழுக் காப்பீடு எடுக்க 2018-இல் டிரம்ப் அரசு விதியைத் தளர்த்தியது. நோயில்லாதவர்கள் பொதுச் சந்தையிலிருந்து வெளியேறிவிடுவார்கள், மிஞ்சுகிறவர்களுக்குப் பிரீமியம் ஏறும் என்பதுதான் அங்கும் எதிர்ப்பு. 2019 மார்ச்சில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியின் முக்கியப் பகுதிகளைச் செல்லாதென்றது. 2024-இல் அந்த விதியே திரும்பப் பெறப்பட்டது.

இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் அதற்குப் பதிலாக வேறு காப்பீடு போட்டுவிட்டேன் என்று முதலாளி தானே முடிவு செய்ய முடியாது. 1948 சட்டத்தின்படி விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்குத்தான். தொழிலாளிக்குக் கிடைக்கிற பலன்கள் இ.எஸ்.ஐ.க்குப் பெருமளவு சமமாகவோ அதைவிட மேலாகவோ இருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் தருகிற பாலிசி எப்படிச் சமமாகும்? 91 நாள் கூலி எங்கே? பிரசவத்துக்கு 26 வாரம் எங்கே? விதவைக்கு மாதத்தொகை எங்கே? யாராவது குரூப் இன்சூரன்ஸ் காகிதத்தை நீட்டினால் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யோடு சேர்த்து கூடுதலாகப் போடுகிறார் என்றால் நாமே கைதட்டி வாங்கிக்கொள்வோம். அதற்குப் பதிலாக என்றால்தான் தகராறு.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பத்துப் பேர் என்ற கணக்கு. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் இ.எஸ்.ஐ. கட்டாயம். நம் பகுதியில் ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று பெயர்ப்பலகை இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர், ஏழு பேர். மீதி எல்லாம் மேஸ்திரியின் ஆட்கள். பதிவேட்டில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ., தொட்டியில் இருப்பவர்களுக்கு இல்லை. யார் பதிவேட்டில், யார் தொட்டியில் என்பதைச் சாதி தெரியாத ஒருவர் பார்த்தால்கூட ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

மேஸ்திரியின் ஆள் என் ஆள் இல்லை என்று முதலாளி சொல்வதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஒப்புக்கொள்ளவில்லை. ஐதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கு. தியேட்டரின் கேன்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களும் இ.எஸ்.ஐ. சட்டப்படி தியேட்டரின் தொழிலாளர்களே என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவர் தியேட்டர் தொழிலாளி என்றால், குரோம் டிரம்மில் நிற்பவர் தோல் ஷாப்பின் தொழிலாளி இல்லையா? ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டியது முதன்மை முதலாளிதான். பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

புதிய தொகுப்பில் நமக்கு உதவக்கூடிய ஒரு வரியும் இருக்கிறது. ஆபத்தான அல்லது உயிருக்கு அச்சுறுத்தலான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்தும். பத்துப் பேர் கணக்கு அங்கே செல்லாது. தோல் பதனிடுதல் ஆபத்தான தொழிலா? தொழிற்சாலைச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஆபத்தான செயல்முறைகள் கொண்ட தொழில்களின் பட்டியல், தோல் பதனிடுதலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஒரு சட்டம் ஆபத்து என்று ஏற்கெனவே எழுதியதை இன்னொரு சட்டத்தின் கீழ் அறிவிக்கச் சொல்வதற்குப் புதிய ஆய்வுக்குழு எதுவும் வேண்டாம். ஓர் அரசாணை வரி போதும். கழிவுநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் வேலையையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். வேலூர், அரக்கோணம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த ஒரு கேள்வியை அவையில் எழுப்பினாலே எட்டுப் பேர் கணக்கு எழுதுகிறவர்களின் தூக்கம் கெடும்.

ஆபத்து என்பது ஏட்டுச் சொல் அல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அதற்கும் முன்னால், 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் கழிவுக்கு இழப்பீடு வாங்கித் தர உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் இழப்பீடு பாழான விவசாய நிலத்துக்குக் கணக்கிடப்பட்டது. நிலம் இல்லாதவர்களின் நுரையீரலுக்கு ஏக்கர் கணக்கு கிடையாதே!

அதே புதிய தொகுப்புகளில் நம்மைக் குறிவைத்தது போன்ற இன்னொரு வரியும் இருக்கிறது. தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் முக்கியப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. உடனே, முக்கியப் பணி என்று கருதக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. அந்த நிறுவனம் அதற்கென்றே அமைக்கப்பட்டதாக இல்லாவிட்டால், பட்டியலின் முதல் வரி துப்புரவு: பெருக்குதல், சுத்தம் செய்தல், எல்லா வகைக் குப்பையையும் சேகரித்து அகற்றுதல். அதாவது கழிப்பறை இல்லாமல் ஒரு நாள்கூட இயங்க முடியாத ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் கழிப்பறை கழுவுவது முக்கியப் பணி அல்ல. நகராட்சியோ குப்பை அள்ளுவதற்காகவும் அமைக்கப்பட்ட நிறுவனம்தானே என்று நாம் வாதிடலாம், வாதிடுவோம். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கையும் முன்பு 20, இப்போது 50. 40 பேரை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் அந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறார். இ.எஸ்.ஐ.க்கு மட்டும் அந்த 50 தடையல்ல என்பதை நம் தூய்மைப் பணியாளர் தோழர்கள் மனதில் வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு உரிமம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு, உங்கள் பெயரில் சந்தா போகிறதா என்பது வேறு.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அவர்கள் கேட்டது இன்சூரன்ஸ் அல்ல, தனியாருக்கு விடாதே என்று. மறுநாளே அரசு அறிவித்த சலுகைகளில் தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டமும் காப்பீட்டுத் தொகையும் இருந்தன. வரவேற்போம். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவுக்கு விலை ஏறுகிறது. உயிரோடிருந்து இருமிக்கொண்டிருப்பவருக்கு லீவு நாள் கூலி மட்டும் வந்தபாடில்லை.

குழுக் காப்பீடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பேர்ணாம்பட்டிலும் ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கும் நம் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளி யார் என்றே தெரியாது, மூட்டை கொண்டுவரும் ஏஜெண்டைத்தான் தெரியும். புதிய தொகுப்பு அவர்களை வீடுசார் தொழிலாளர் என்று அமைப்புசாராப் பிரிவில் வைக்கிறது. அமைப்புசாராதோருக்கு இ.எஸ்.ஐ. பலன்களைத் தரும் திட்டத்தை ஒன்றிய அரசு "வகுக்கலாம்" என்கிறது. வகுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதுவரை அவர்களுக்குக் குழுக் காப்பீடு தேவைதான். ஆனால் அந்தக் குழு ஏஜெண்டின் குழுவாகவோ முதலாளிகள் சங்கத்தின் குழுவாகவோ இருக்கக் கூடாது. 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே ஒரு நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மாநிலம் முழுக்க ஒரே குழு. கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரண நிதி தருகிற அந்த வாரியம், வேலை இழந்த நோய் நாட்களுக்கு ஒரு தொகை தருவதாக அமைந்தால் அதுவே நல்ல குழுக் காப்பீடு. பணத்துக்கு வழி இல்லையென்று சொல்லாதீர்கள். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ஜோடி ஷூவிலும் அந்தத் திண்ணைப் பெண்ணின் கை இருக்கிறது. ஜோடிக்கு ஒரு சிறு தீர்வை விதித்தால் முடியும். கட்டுமானத் தொழிலாளர் வாரியம் கட்டடச் செலவில் ஒரு சதவீதத் தீர்வையில்தானே நடக்கிறது?

இனி இ.எஸ்.ஐ.யின் குறைகள். மருந்தகத்தில் கூட்டம், சில நாள் டாக்டர் இல்லை, சில மருந்து இல்லை. வேலூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, ஆனால் வாணியம்பாடிக்காரர் அங்கே போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஈரக்காலோடு வரிசையில் நிற்பவரை ஊழியர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். "இந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்ற குரலுக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். இதற்கெல்லாம் சண்டை போட வேண்டும். ஓட்டை உள்ள கூரையை மாற்றக் கேட்போம், வீட்டையே விட்டுப் போகச் சொல்கிறவரிடம் தலையாட்ட வேண்டாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது சின்ன வேலை. உங்களுக்குப் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அந்த எண்ணில் போன அரையாண்டில் எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று கிளை அலுவலகத்தில் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அதற்கு ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்த பருவம், அதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். பருவத்தில் 78 நாள் இருந்தால்தான் நோய்க்காலக் கூலி கிடைக்கும். மேஸ்திரி மாறும்போதெல்லாம் புது எண் போடுகிறார்கள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு ஆயுள் முழுக்க ஒரே எண்தான், பல இடங்களில் கட்டிய நாட்கள் அதில்தான் கூடும். இரண்டு எண்ணில் நாற்பது நாற்பது நாளாகச் சிதறினால் எண்பது நாள் வேலை செய்தும் ஒரு பைசா வராது. புதிய தொகுப்பு எல்லோருக்கும் நியமன ஆணை கொடுக்கச் சொல்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் முதலாளி பெயருக்கு நேராக யார் பெயர் எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். சம்பளத்தில் பிடித்தம் இருந்து எண்ணில் சந்தா ஏறவில்லை என்றால் அது குற்றம். சம்பளச் சீட்டின் நகலோடு நம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், மனு எழுதித் தருகிறோம்.